குட்டிக் கைகளுக்குப் படப் புத்தகம்: டர்பனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஞாயிறு தமிழ் வகுப்பு நடக்கிற மண்டபத்தின் ஓரத்தில் பாய் விரித்துப் படப் புத்தகங்களைப் பரப்பி வைப்பது என் வேலை. ஐந்து வயதுக்கு உட்பட்ட வாண்டுகளும், அவர்களைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மா அப்பாக்களும், ஆயா தாத்தாக்களும் அங்கே உட்காருவார்கள். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. நாலைந்து தலைமுறையாக இங்கேயே இருக்கிற குடும்பங்கள் கேட்டதும், வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்து ஜோகன்னஸ்பர்க் அருகே மிட்ராண்ட் பக்கம் குடியிருப்பவர்கள் போனில் கேட்டதும் இங்கே கலந்து இருக்கின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதியிருக்கிறேன்.

1. பிள்ளைக்கு ரெண்டு மாசந்தான் ஆகுது. இப்பவே புத்தகம் எதுக்கு அக்கா? என்ன புரியப் போகுது?

கதை புரியாது. உங்கள் குரல் புரியும். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் போட்டுப் பால் கொடுக்கும்போது உங்கள் முகம் இருக்கிற தூரம் அது. அந்தத் தூரத்தில் ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏதாவது பேசுங்கள், பார்க்கும். கொஞ்ச நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மூடி வையுங்கள்.

கைக்குழந்தையாக இருக்கும்போதே வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014இல் தன் மருத்துவர்களுக்கு எழுதியது. இதைக் கேட்டுவிட்டு மூன்று மாதக் குழந்தைக்கு ‘அ, ஆ’ அட்டை வாங்கியவர்களும் உண்டு. அது வேண்டாம். மடி, குரல், ஒரு படம் போதும்.

2. கறுப்பு வெள்ளைப் புத்தகம் வாங்கியே ஆகணும்னு கடையில சொல்றாங்க. நிஜமா?

முதல் இரண்டு மூன்று மாதம் பளிச்சென்று வேறுபடும் கறுப்பு வெள்ளைதான் குழந்தையின் கண்ணில் நன்றாகப் படும் என்பது உண்மை. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஒரு கறுப்பு அட்டையை எடுத்து, வெள்ளை மார்க்கரால் நாலு புள்ளி வைத்து ஒரு சின்னச் சிக்குக் கோலம் போடுங்கள். கோடு விரல் தடிமனாக இருக்கட்டும். இன்னொரு அட்டையில் பெரிய வட்டமாக ஒரு முகம். தொட்டில் ஓரத்தில் சாய்த்து வைத்தால் வேலை முடிந்தது. எங்கள் பாயில் கிடக்கும் கோல அட்டைகளை டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியிலிருந்து வரும் ஒரு ஆயாதான் போட்டுக் கொடுத்தார். கடைப் புத்தகத்தை விட்டுவிட்டு அவற்றையே வெறித்துப் பார்க்கிற குழந்தைகள் உண்டு.

ஐந்து மாதம் ஆகும்போது நிறங்கள் ஏறக்குறைய நமக்குத் தெரிவது போலத் தெரியத் தொடங்கிவிடும். அதற்குப் பிறகும் கறுப்பு வெள்ளையிலேயே நிறுத்தி வைக்க வேண்டாம்.

3. எதைக் கொடுத்தாலும் வாயிலதான் போறது. கடிச்சுத் தின்னுடுவான் போல. என்ன பண்றது?

கடிக்கட்டும். ஆறு மாதத்தில் வாய்தான் அவனுக்குக் கை. துணிப் புத்தகம், தடி அட்டைப் புத்தகம் இரண்டும் அதற்கென்றே செய்தவை. அட்டைப் புத்தகம் வாங்கும்போது மூலை உருண்டையாக வெட்டியிருக்கிறதா, அட்டை அடுக்கு அடுக்காகப் பிரிகிறதா என்று விரலால் நெருடிப் பாருங்கள். ஜிகினாத் தூள், ஒட்டிய பஞ்சு, பிய்த்து எடுக்கக்கூடிய கண் இருந்தால் வேண்டாம். குளியலறைப் பிளாஸ்டிக் புத்தகத்துக்குள் தண்ணீர் தேங்கினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பிழிந்து காய வையுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். பொத்தானை அழுத்தினால் சத்தம் போடும் புத்தகங்களுக்குள் வட்டமான சின்ன பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடும். பேட்டரி மூடிக்குத் திருகாணி இல்லாத புத்தகம் வீட்டுக்குள் வரக்கூடாது. இன்னொன்று, ‘உங்க அப்பா படிச்சது’ என்று ஆயா பெட்டியிலிருந்து எடுத்துத் தரும் பழைய புத்தகம். 1985க்கு முன் அச்சானவற்றின் மையில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. கூட உட்கார்ந்து காட்டுங்கள், வாயில் வைக்க விடாதீர்கள்.

4. எல்லாப் புத்தகமும் அழகாத்தான் இருக்கு. எது நல்ல படம்னு எப்படித் தெரியும்? எனக்கு ஓவியம் பத்தி ஒண்ணுமே தெரியாதே.

தெரிய வேண்டியதில்லை. கடையில் நின்றபடியே எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தை மட்டும் பாருங்கள். என்ன நடக்கிறது, யாருக்குக் கோபம், யார் எதை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

மிச்சப் பாதி, எழுத்து சொல்லாத ஒன்றைப் படம் சொல்கிறதா என்பது. ‘அம்மா ரொட்டி சுட்டாள்’ என்று எழுதிவிட்டு, அம்மா ரொட்டி சுடுவதையே வரைந்திருந்தால் அந்தப் படம் இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையாது. அதே வரிக்கு மேலே, ஜன்னல் வழியாக ஒரு குரங்கு கையை நீட்டி ரொட்டியை எடுப்பதை வரைந்திருந்தால்? அம்மாவுக்குத் தெரியாது, வாசிக்கிற நமக்கும் தெரியாது, பார்க்கிற பிள்ளைக்கு மட்டும் தெரியும். சாட்ஸ்வர்த்துப் பிள்ளைகளுக்கு அந்தக் குரங்கை அறிமுகப்படுத்தவும் வேண்டாம். தினம் சமையலறைக்கு வந்து போவதுதான்.

பாயில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சந்தையைப் பற்றிய ஒரு புத்தகம். நான் காய்கறிக்காரம்மாவைப் பற்றி வாசித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் இருந்த மூன்று வயதுக்காரியின் விரல் பக்கத்தின் கீழ் மூலையில் நிற்கிறது. மேசைக்கு அடியில் ஒரு வால் நுனி. அடுத்த பக்கம் திருப்பியதும் அவள் தக்காளியையும் பார்க்கவில்லை, வெண்டைக்காயையும் பார்க்கவில்லை. கூடைக்குப் பின்னால் இரண்டு காதுகளைக் கண்டுபிடித்துவிட்டாள். இன்னும் இரண்டு பக்கம் தள்ளி மீன்காரர் மேசையில் ஒரு மீன் குறைகிறது. ‘அதுதான் எடுத்துச்சு!’ என்று கத்தினாள். அந்தப் புத்தகத்தின் எழுத்தில் பூனை என்ற பேச்சே கிடையாது. வரைந்தவர் அவளை நம்பி அதை அங்கே விட்டிருக்கிறார். இப்படி நம்புகிற ஓவியரின் புத்தகத்தைத்தான் நான் நல்ல புத்தகம் என்பேன்.

இன்னும் சில சின்ன அடையாளங்கள். எல்லா முகமும் ஒரே சிரிப்புச் சிரித்தால் கீழே வைத்துவிடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் நீளும் படத்தில் முகம் நடு மடிப்பில் விழுந்து பிளந்திருந்தால் அவசரத்தில் செய்தது. ஒரே பக்கத்தில் இருபது நிறம் கூச்சல் போட்டால் கண் எங்கேயும் தங்காது. காலி இடம் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். பெரிய வெள்ளைப் பக்கத்தில் சின்னதாக ஒரு எலி நின்றாலே அது தனியாக இருக்கிறது என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். அட்டையைத் திறந்ததும் எழுத்தில்லாமல் வரும் உள்தாளையும் விட்டுவிடாதீர்கள். கவனமானவர்கள் கதையை அங்கேயே ஆரம்பித்துவிடுவார்கள்.

5. எந்தப் படப் புத்தகத்தை எண்ணினாலும் 32 பக்கமா இருக்கே, ஏன்?

அச்சுக் காரணம். பெரிய தாளில் இரு பக்கமும் அச்சடித்து மடித்தால் 16 பக்கம் வரும். அப்படி இரண்டு சேர்த்தால் 32. தலைப்பு, பதிப்பு விவரமெல்லாம் போகக் கதைக்கு ஒரு டஜன் இரட்டைப் பக்கம் கிடைக்கும். வீட்டில் நீங்களே பிள்ளைக்கு ஒரு புத்தகம் செய்வதாக இருந்தாலும் பன்னிரண்டு படம் நல்ல அளவு.

6. கையால வரைஞ்சதுதான் நல்லது, கம்ப்யூட்டர்ல பண்ணினது மட்டம்னு சொல்றாங்களே?

அப்படிப் பிரிக்க முடியாது. நீர்வண்ணம், வெட்டி ஒட்டிய காகிதம், மரக்கட்டை அச்சு, கணினி எல்லாம் கருவிதான். அருமையான ஓவியர்கள் பலர் திரையில்தான் வரைகிறார்கள். 4ஆம் கேள்வியில் சொன்ன சோதனையைப் போட்டுப் பாருங்கள், எதில் செய்தது என்ற கேள்வியே எழாது.

வரையாமல் இயந்திரத்திடம் சொல்லிச் செய்த படங்கள் இப்போது இணையக் கடைகளில் நிறைய வருகின்றன. ஒரே பாத்திரத்தைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிடுங்கள். முதல் பக்கத்தில் சட்டைக்கு மூன்று பொத்தான், நாலாவது பக்கத்தில் ஐந்து. பெரியவர்களுக்குத் தெரியாமல் போகலாம், நாலு வயதுக்காரன் உடனே கேட்பான்.

7. நான் தமிழ் ஏதோ பேசுவேன்மா. எழுத்து தெரியாது. என் பேரனுக்கு எப்படிப் படிச்சுக் காட்டுறது?

இது ஒரு ஆயா கேட்டது. அடுத்தடுத்து பல ஆயாக்கள் கேட்டதும் இதுதான். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்களின் வழியில், பள்ளியில் தமிழ் கிடைக்காமல் போன தலைமுறைகள் இங்கே உண்டு. 1996 அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சட்டம் வீட்டுக்குள் வந்து பேசாது, ஆயாதான் பேச வேண்டும்.

படப் புத்தகத்தை எழுத்துத் தெரியாமலே படிக்கலாம். ஆங்கிலப் புத்தகமோ ஜூலு புத்தகமோ, எழுத்தை விட்டுவிடுங்கள். படத்தைப் பார்த்து, ‘இது யாரு? எங்க ஓடுது? ஐயோ, விழுந்துடுச்சு பாரு. பாவம்!’ என்று உங்கள் வீட்டுத் தமிழில் சொல்லுங்கள். நடுவில் ஆங்கிலமோ ஜூலுவோ கலந்தால் கலக்கட்டும். இலக்கணம் பார்க்க இங்கே யாரும் உட்காரவில்லை. ஒரே படத்துக்குப் போன வாரம் ஒரு கதை, இந்த வாரம் வேறு கதை சொன்னாலும் தப்பில்லை. மூன்று வயதுக்கு மேல் ‘போன தடவை அப்படிச் சொல்லலியே!’ என்று மடக்குவார்கள், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

8. தமிழ் எழுத்து போட்ட படப் புத்தகம் எங்க வாங்கலாம்? டர்பன்ல தேடித் தேடிப் பார்த்தாச்சு.

இங்கே கடைகளில் கிடைப்பது அபூர்வம். சென்னையில் 1996இல் தொடங்கிய தூலிகா பதிப்பகம் தமிழிலும், ஒரே பக்கத்தில் ஆங்கிலமும் தமிழும் சேர்ந்தும் படப் புத்தகங்கள் போடுகிறது. 7ஆம் கேள்வி ஆயாவும் ஆங்கிலமே படிக்கிற மருமகளும் இருக்கிற வீட்டுக்கு இருமொழிப் புத்தகம் கச்சிதம். பெங்களூரின் பிரதம் புக்ஸும் தமிழில் வெளியிடுகிறது. யாராவது ஊருக்குப் போனால் பெட்டியில் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். தபாலில் வரவழைத்தால் அனுப்பும் செலவு புத்தக விலையைத் தாண்டுவது சாதாரணம். புத்தகத்துக்கும் இந்த நாட்டில் 15 விழுக்காடு வாட் உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கடிக்கிற வயதுக்கான தடி அட்டைப் புத்தகங்கள் தமிழில் இன்னும் குறைவு. இங்கே கிடைக்கும் நல்ல அட்டைப் புத்தகத்தை வாங்கி, பக்கத்துக்கு ஒரு வரி தமிழில் எழுதி ஒட்டிக்கொள்வதுதான் என் வழி. படத்தின் மேல் ஒட்டாதீர்கள்.

9. மாசா மாசம் வாங்க வசதியில்லை. இலவசமா ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும், அதுவும் நல்ல தரத்தில். கேப் டவுனில் 2014இல் தொடங்கிய ‘புக் டாஷ்’ என்ற அமைப்பில் எழுத்தாளர், ஓவியர், வடிவமைப்பாளர் மூவரும் ஒரே நாளில், பன்னிரண்டு மணி நேரத்தில் சம்பளம் வாங்காமல் ஒரு புத்தகத்தை முடிக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் நூறு புத்தகம் சொந்தமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆங்கிலம், ஜூலு என்று பல மொழிகளில் இறக்கிக்கொள்ளலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கவும் உரிமை தந்திருக்கிறார்கள். தமிழில் ஒட்டி வைக்க இதைவிடத் தோதான புத்தகம் கிடையாது.

‘ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக்’ தளமும், பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளமும் அதே மாதிரிதான். பின்னதில் தமிழ்க் கதைகள் ஏராளம். ‘நலிபாலி’ இயக்கத்தினர் வெட்டி மடித்துக் குட்டிப் புத்தகமாக்கும் கதைகள் தருகிறார்கள். இதற்கெல்லாம் முன்னால் உங்கள் பகுதி நகராட்சி நூலகத்துக்குப் போய்ப் பிள்ளைகள் பகுதியில் உட்கார்ந்து பாருங்கள். முகவரிச் சான்றையும் அடையாள அட்டையையும் கையோடு எடுத்துப் போனால் இரண்டு நடை மிச்சம்.

10. எல்லாப் புத்தகத்துலயும் டிசம்பர்ல பனி கொட்டுது. நமக்கு டிசம்பர்ல வேர்த்துக் கொட்டுது. குழம்பிட மாட்டாங்களா?

மாட்டார்கள். பேசுகிற கரடியையே ஏற்றுக்கொள்கிறவர்கள் பனியையும் ஏற்றுக்கொள்வார்கள். டிராகன்ஸ்பெர்க் மலைமேல் ஜூலையில் பனி விழுந்த படத்தைக் காட்டினால் இன்னும் சுலபம். ஆனால் அலமாரி முழுக்கப் பனியும் நரியும் அணிலுமாக இருந்தால், ‘புத்தகத்தில் வருவதெல்லாம் வேறு எங்கோ நடப்பது’ என்று படிந்துவிடும். விடிந்ததும் கூரைமேல் நின்று கத்தும் ஹடிடாப் பறவை, கொல்லையில் மாமரம், கரும்பு லாரி, கடற்கரை இவையும் ஏதாவது ஒரு பக்கத்தில் வரட்டும். இந்தியப் புத்தகத்தில் மைனா வந்தால் விடாதீர்கள். நம் கொல்லையிலும் அதே மைனாதான்; அதுவும் அங்கிருந்து வந்ததுதான்.

11. என் மகள் கறுப்பு. புத்தகத்துல வர்ற பொம்பளைப் பிள்ளை எல்லாம் வெள்ளையாவே இருக்கு. இதெல்லாம் பார்க்கணுமா?

பார்க்கணும். இந்தியாவிலிருந்து வரும் சில புத்தகங்களிலும் இந்தக் கோளாறு உண்டு. கதாநாயகி மட்டும் ரோஜா நிறம், வேலைக்காரரும் அரக்கரும் கறுப்பு. அந்தப் புத்தகத்தை நான் பாயில் வைப்பதில்லை, படம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் சரி. தென்னாப்பிரிக்காவில் வரைந்த படப் புத்தகங்களில் கறுப்பு, பழுப்பு முகங்கள் விதவிதமாக வருகின்றன. 9ஆம் கேள்வியில் சொன்ன இலவசப் புத்தகங்களில் இது இன்னும் அதிகம்.

நம்மவர் என்று காட்ட ஒரு சேலை, ஒரு பொட்டு, ஒரு தட்டு சமோசா வரைந்து விட்டுவிடுகிற புத்தகமும் உண்டு. அதில் வரும் ஆயா ஏதாவது செய்கிறாரா, சும்மா சிரித்துக்கொண்டு நிற்கிறாரா என்று பாருங்கள்.

12. படிக்க ஆரம்பிச்சா பக்கத்தைப் பட்டுப் பட்டுனு திருப்புறா. கடைசிக்குப் போயிடுறா. கதையே கேட்க மாட்டேங்கறா.

ஒரு வயதில் பக்கம் திருப்புவதே விளையாட்டு. ஒரு கீல், ஒரு கதவு, ஒவ்வொரு தடவையும் உள்ளே வேறு ஒன்று. நீங்கள் கதையை வரிசையாக முடிக்க நினைப்பதால்தான் சண்டை வருகிறது. அவள் நிறுத்துகிற பக்கத்தில் ஒரு சொல் சொல்லுங்கள், ‘நாய்!’ அவ்வளவுதான். விரலை நீட்டினால் அந்த விரல் போகிற இடத்தைப் பற்றிப் பேசுங்கள். ஒன்பது மாதத்துக்கு மேல் விரல் நீட்டத் தொடங்குவார்கள். அது கேள்வி, பதில் சொல்ல வேண்டும்.

இரண்டு வயதுக்குப் பிறகு நீங்கள் கேட்கலாம். ‘இது நாய்தானே?’ என்றால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். ‘நாய் ஏன் இங்க ஒளிஞ்சிருக்கு?’ என்றால் நின்று யோசிப்பாள். பதில் வருகிற வரை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

13. எழுத்தே இல்லாத புத்தகம் ஒண்ணு பரிசா வந்தது. இதுக்குப் போய் இவ்வளவு காசா?

எனக்கு மிகவும் பிடித்த வகையே அதுதான். 7ஆம் கேள்வியில் சொன்ன குடும்பங்களுக்கு அது வரப்பிரசாதம். முதல் தடவை ஒன்றும் பேசாமல் இருவரும் சும்மா புரட்டுங்கள். இரண்டாவது தடவை நீங்கள் சொல்லுங்கள். மூன்றாவது தடவை பிள்ளை சொல்லும். அம்மா தமிழில், க்ரெஷ் ஆசிரியை ஜூலுவில், அண்ணன் ஆங்கிலத்தில் என்று ஒரே புத்தகம் மூன்று புத்தகமாகும்.

14. ஒரே புத்தகத்தையே திரும்பத் திரும்பக் கேக்குறான். எனக்கு மனப்பாடமே ஆயிடுச்சு. வேற மாத்தலாமா?

மாற்ற வேண்டாம். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டே பக்கத்தைத் திருப்புவதில் அவனுக்கு ஒரு பெருமை. உங்களுக்கு அலுத்தால் எழுத்தை விட்டுவிட்டுப் படத்தின் ஓரங்களில் தேடுங்கள். வானம் எப்போது இருட்டுகிறது, சுவரில் பல்லி எத்தனை பக்கத்தில் இருக்கிறது என்று பார்க்கலாம். நல்ல ஓவியர் உங்களுக்கும் ஏதாவது வைத்திருப்பார்.

15. விரலை எழுத்து மேல வச்சுப் படிச்சா சீக்கிரம் படிக்கக் கத்துக்குவாங்களா?

வாசித்துக் காட்டும்போது சிறு குழந்தைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து ஆராய்ந்தவர்கள், பெரும்பாலான நேரம் படத்தில்தான் இருக்கிறது, எழுத்துப் பக்கம் அரிதாகத்தான் போகிறது என்று கண்டார்கள். நாலு, ஐந்து வயதில் தலைப்பையோ, திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல்லையோ விரலால் காட்டினால் போதும். வரிக்கு வரி விரல் ஓட்டினால் பிள்ளை பூனையைத் தவறவிடும்.

இங்கே நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினருக்குப் பொருள் புரிந்து வாசிக்க வரவில்லை என்று பல நாடுகளில் வாசிப்புத் திறனை அளக்கும் பிர்ல்ஸ் ஆய்வு 2021ஆம் ஆண்டுக்கானதில் சொன்னதிலிருந்து பெற்றோர் பயந்துபோய்க் கேட்கிறார்கள். பயம் நியாயம். பொருள் புரிவது என்பது படத்தைப் பார்த்து ‘ஏன்’ என்று கேட்கும் பழக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறது. 12ஆம் பதிலின் கடைசிப் பத்தியைப் பாருங்கள்.

16. சாமி கதைப் புத்தகத்துல நரசிம்மர் குடலை உருவுறாரு. மூணு வயசுக்கு இதெல்லாம் காட்டலாமா?

ஈஸ்டர் சமயம் இசிபிங்கோ மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கும், தைப்பூசக் காவடிக்கும் தோளில் உட்கார்ந்து போய்வரும் பிள்ளைக்கு உக்கிரமான உருவம் புதிதில்லை. கோவிலில் கூட்டமும் பாட்டும் அப்பாவின் தோளும் இருக்கும். ராத்திரி கட்டிலில் ரத்தப் படத்தோடு தனியாக இருப்பது வேறு. அதனால் பகலில், மடியில் வைத்துக் காட்டுங்கள். பக்கத்தைப் பிள்ளையே திருப்பட்டும், வேண்டாம் என்றால் அவனே மூடட்டும்.

ஓவியம் எந்தப் பாணி என்பதும் முக்கியம். கலம்காரி, பட்டச்சித்திரம் போன்ற மரபில் வரைந்த படங்களில் கோபம் கோடாகவும் வடிவமாகவும் இருக்கும். சினிமா மாதிரி சதை தெரிய வரைந்தவற்றைவிட இவை குழந்தைக்குத் தாங்கும். பயப்படவே கூடாது என்று எல்லாப் பூதத்தையும் அலமாரியிலிருந்து விரட்டிவிடாதீர்கள். மூடி வைக்க முடிகிற பயம் பிள்ளைக்குப் பிடிக்கும்.

17. டேப்லெட்லயே கதைப் படம் எல்லாம் வருதே. புத்தகம் எதுக்கு?

இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. 9ஆம் பதிலில் சொன்ன தளங்களிலிருந்து இறக்கியவற்றை நான் அச்சடித்து நடுவில் பின் போட்டுவிடுவேன். வழியில்லையென்றால் திரையிலேயே காட்டலாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினால். தானாக வாசித்து, தானாகப் பக்கம் திருப்பும் வகையை நிறுத்தி வையுங்கள். பூனையின் வாலைத் தேட அது நேரம் தராது.

18. புத்தகமெல்லாம் ஈரத்துல வளைஞ்சு புள்ளி புள்ளியா ஆகுது. ஃபிஷ்மாத் பூச்சி வேற தின்னுது. எப்படிக் காப்பாத்துறது?

டர்பன் காற்று அப்படி. வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள்; நாலு விரல் இடைவெளி விடுங்கள். நெருக்கி அடுக்கினால் காற்றுப் போகாது. கடலைப் பார்த்த வீடென்றால் கண்ணாடிக் கதவு அலமாரிதான் நல்லது என்பார்கள். ஆனால் உள்ளே ஈரம் தங்கினால் அதுவே பூஞ்சைப் பண்ணை. வாரம் ஒருமுறை திறந்து வையுங்கள். பூஞ்சை பிடித்ததை நிழலில் காய வைத்து, உலர்ந்த துணியால் வெளியில் வைத்துத் துடையுங்கள். கைக்குழந்தை கடிக்கும் புத்தகத்தில் பூஞ்சை வந்தால் தூக்கிப் போடுவதுதான் சரி.

ஃபிஷ்மாத்துக்குப் பசையும் கஞ்சியும்தான் தீனி. பூச்சி விழுந்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி இரண்டு வாரம் ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள், இல்லாவிட்டால் தாளில் நீர் கோக்கும். நடுவில் மின்சாரம் நீண்ட நேரம் போனால் முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

19. சென்னையிலேர்ந்து கையால அச்சடிச்ச புத்தகம் ஒண்ணு வாங்கிட்டு வந்தோம், ரொம்ப விலை. குழந்தை கையில கொடுக்கலாமா, இல்ல சட்டம் போட்டு மாட்டிடலாமா?

1994இல் தொடங்கிய தாரா புக்ஸ் போன்ற சென்னைப் பதிப்பகத்தினர், கையால் செய்த தாளில் நிறத்துக்கு ஒரு தடவையாகப் பட்டுத்திரை அச்சில் போட்டு, கையாலேயே தைத்து வெளியிடும் வகை இது. கோண்டு போன்ற பழங்குடி ஓவியர்களின் படங்களை அப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள். திறந்தால் மை வாசம் வரும். விரலால் தடவினால் நிறம் தாளில் மேடு தட்டியிருப்பது தெரியும்.

பக்கங்களைப் பிரித்துச் சட்டம் போட்டால் புத்தகம் போயிற்று. கடிக்கிற வயதில் கொடுத்தாலும் போயிற்று. கை கழுவி, தரையில் பாய் விரித்து, ஞாயிற்றுக்கிழமைப் புத்தகமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்கு மேல், மெதுவாகத் தொட வேண்டிய பொருள் இது என்று புரிந்துகொள்வார்கள். ஒரு ஓரம் கிழிந்தால் பரவாயில்லை. செலோடேப் மட்டும் ஒட்டாதீர்கள், மஞ்சளாகிவிடும். மெல்லிய தாளும் மாவுப் பசையும் போதும்.

20. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத, கண்றாவியான படம் போட்ட புத்தகத்தைத்தான் அவன் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத் தூங்குறான். பிடுங்கிடலாமா?

11ஆம் பதிலில் சொன்ன மாதிரி யாரையாவது இழிவாகக் காட்டுகிற புத்தகமாக இருந்தால் பேசாமல் எடுத்துவிடுங்கள். வெறும் பளபளப்பும் பிதுங்கிய கண்ணும்தான் குறை என்றால் விட்டுவிடுங்கள். அவனுக்குப் பிடித்தது அதில் வரும் டிராக்டரின் சக்கரமாக இருக்கும், அல்லது நீங்கள் அந்தப் பக்கத்தில் போடும் சத்தமாக இருக்கும். உங்கள் ரசனைக்கு ஒன்று, அவன் கேட்டது ஒன்று என்று ஒவ்வொரு தடவையும் இரண்டாக வாசியுங்கள், முதலில் அவனுடையது.

அந்த வகையை இனிமேல் வாங்காமல் நூலகத்தில் எடுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாளில் தரையில் புரண்டு அழுதால் மட்டும் கடைக்குப் போங்கள்.